பொதுப் பயன்பாட்டில் உள்ளது

ஜப்தி செய்ய வேண்டிய பேருந்து, நின்ற இடத்தில் இல்லை.

பதினோரு வருஷமாக அது அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அரசு இயந்திர நிறுவனத்தின் பின்முற்றத்தில், மதிலை ஒட்டி, நான்கு சக்கரத்திலும் காற்றில்லாமல், ஜன்னலுக்கு ஜன்னல் குருவிக்கூட்டோடு. பம்புக்காரர் இரண்டு வாரத்துக்கு முன்புதான் மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போயிருந்தார். இப்போது வந்து பார்த்தால் தரையில் நீளவாக்கில் ஓர் எண்ணெய்க் கறை. அதைச் சுற்றி வீடிழந்த குருவிகள் நாலைந்து. வேறொன்றும் இல்லை.

ஜப்தியை நிறைவேற்றக் கூட வந்திருந்த கோர்ட் அமீனா அரக்கும் நூல்கண்டும் முத்திரையுமாக நின்றார். அவருக்கு முழங்கால் வலி. எதற்காவது சீல் வைத்துவிட்டு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

“எங்க சார் வண்டி?”

“இங்கதான் சார் நின்னுச்சு.”

“நின்னுச்சுன்னு எழுதி ஜப்தி பண்ண முடியாது சார். நிக்கணும்.”

வாட்ச்மேன் நிதானமாக நடந்து வந்தார். “பஸ்ஸா? அது ஸ்கூலுக்குப் போயிருக்கு சார்.”

“பதினோரு வருஷமா நகராதது இப்ப எதுக்குய்யா ஸ்கூலுக்குப் போகுது?”

“இத்தனை வருஷமாப் போகலையே, இப்பவாவது சேர்த்துவிடுவோம்னு சேர்த்துட்டாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து ஒழுங்காப் போகுது. லீவே போடல.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மதிலுக்கு வெளியே ஹாரன் கேட்டது. மூவரும் வாசலுக்குப் போனார்கள். புது பெயின்ட்டில் பளபளத்துக்கொண்டு மேற்படி பேருந்து தெருவில் போயிற்று. ஜன்னல்களில் குருவிகளுக்குப் பதிலாகப் பிள்ளைகள். இருபது முப்பது கைகள் வெளியே நீண்டு ஆடின. பம்புக்காரரின் கையும் தன்னையறியாமல் ஒருமுறை ஆடிவிட்டது. வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையின்மேல் அவருக்குக் கோபம் ஆறவில்லை.

அமீனா ஜப்தி மனுவின் பின்பக்கத்தில் எழுதினார்: ‘மேற்படி வாகனம் பொதுப் பயன்பாட்டில் உள்ளது. ஜப்தி செய்ய இயலவில்லை.’

இந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பம்புக்காரரும் அவருடைய மனைவியின் தம்பியும் சேர்ந்து ஒரு பம்புப் பட்டறை நடத்திவந்தார்கள். அரசின் நீர்த்துறை, மழைநீர் வெளியேற்றும் எட்டு பெரிய பம்புகளைப் பழுதுபார்க்கும் வேலையை அவர்களுக்குக் கொடுத்தது. எட்டும் ஓடின. ஓடுகிற பம்பு சத்தம் போடுகிறது என்று துறை பணம் தர மறுத்தது. தகராறு வந்தால் நடுவர்களிடம்தான் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். ஓய்வுபெற்ற மூன்று பெரியவர்கள் ஒரு நீண்ட மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு வருஷம் விசாரித்தார்கள். “ஓடாத பம்புதாங்க சத்தம் போடாது” என்று மைத்துனன் சொன்ன சாட்சியம் தீர்ப்பிலேயே ஏறியது. முழுப் பணமும் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு வந்தது. பணம் வரவில்லை. பதிலுக்குத் துறை, மூன்றில் ஒரு பங்கு தருகிறோம், அதோடு விட்டுவிடுங்கள் என்று சமரசத்துக்கு ஆள் அனுப்பியது.

“வாங்கிக்கலாம் அத்தான்” என்றான் மைத்துனன்.

“ஜெயிச்சவன் எதுக்குடா பிச்சை வாங்கணும்?”

“ஜெயிச்சது காகிதத்துல. பட்டறை வாடகைக்குக் காகிதத்தைக் கொடுத்தா வாங்குவானா?”

“நீ சும்மா இரு.”

“சேத்துல நின்னவன் நான். எனக்கும் ஒரு வார்த்தை இருக்குல்ல?”

அப்போதுதான் பம்புக்காரர் அதைச் சொன்னார். “ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவனுக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டிருக்க முடியாது.”

எட்டு பம்பில் ஆறை இடுப்பளவு சேற்றில் இறங்கி ஓட்டிக் காட்டியவன் அவன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் பெரும்பாலும் இவர். அது இரண்டு பேருக்கும் தெரியும். மைத்துனன் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துணியை ஆணியில் மாட்டினான். போய்விட்டான். நாலு மாதத்தில் பட்டறையும் போயிற்று.

மூன்று வருஷமாக அந்தச் சொல் பம்புக்காரரின் தொண்டையில் முள்ளாக நின்றது. அவர் கடிதம் எழுதக்கூடியவர். தேதி, பொருள், பத்தி எண் எல்லாம் போட்டு எழுதக்கூடியவர். மைத்துனனுக்கும் எழுதிப் பார்த்தார். முதல் பத்தியில் நலம் விசாரிப்பு. இரண்டாம் பத்தியில் வழக்கின் நிலை. மூன்றாம் பத்தி வரும்போது பேனா நின்றுவிடும். வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியவில்லை. பணம் வரட்டும், பாதியை அவன் கையில் வைத்துவிட்டு, சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

ஆனால் துறையின் பெயரில் பிடுங்கிக்கொள்ள ஒரு முக்காலிகூட இல்லை. கார் முதல் கத்தரிக்கோல் வரை எல்லாமே அரசு இயந்திர நிறுவனத்தின் பெயரில் இருந்தன. நிறுவனமோ, “அரசு வேற, நாங்க வேற” என்றது. அதன் பங்குகள் அத்தனையும் அரசிடம்தான் இருக்கின்றன, வலது பாக்கெட்டும் இடது பாக்கெட்டும் ஒரே சட்டைதான் என்று நிரூபிக்க வக்கீலுக்கு ஒரு வருஷம் பிடித்தது. நீதிபதி ஒப்புக்கொண்டார். நிறுவனத்தின் சொத்தை ஜப்தி செய்யலாம் என்றார். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்தார்: மக்களுக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கும் பொருளைத் தொடக்கூடாது.

“அதனால என்ன?” என்றார் வக்கீல் உற்சாகமாக. “அந்த நிறுவனத்துல எது சார் யாருக்குப் பயன்படுது?”

அந்த நம்பிக்கையில்தான் முதலில் பேருந்துக்குக் குறிவைத்தார்கள்.

பேருந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதால், அடுத்தபடியாக வக்கீல் ஒரு ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுத்தார். கிடங்குக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திப் பல வருஷமாகக் கிடந்தது. சட்டப்படி, எந்தப் பொருளை ஜப்தி செய்யப் போகிறோமோ அதன் விவரத்தைப் பதினான்கு நாள் முன்னதாக நிறுவனத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்ப வேண்டும். பம்புக்காரர் அதில் குறை வைக்கவில்லை. ஏலத்தில் கால்வாசி மதிப்பில் கழித்துக்கட்டிவிடுவார்களோ என்று பயந்து, நேரில் போய்த் திறந்து பார்த்து, எது பழுது, எது நல்லது என்று பிரித்து எழுதினார். டீசல் பம்பில் அடைப்பு. மூன்றாவது வால்வு தேய்ந்திருக்கிறது. இடப்பக்க மூன்று போல்ட்டும் மாற்ற வேண்டும், அளவு இன்னது. மற்றபடி இயந்திரம் தங்கம்.

பதினைந்தாம் நாள் போனார்கள். தார்ப்பாய் மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு” என்றார் வாட்ச்மேன்.

“யாருக்குப் பிரசவம்?” என்றார் அமீனா வலியில்.

ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தார்கள். கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டர் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அரக்குக் கட்டியோடு இரண்டு ஆண்கள் சுற்றிச்சுற்றி வருவதைப் பார்த்து ஒரு நர்ஸ் வெளியே வந்தாள்.

“யார் நீங்க?”

“இதை ஜப்தி பண்ண...” என்று பம்புக்காரர் ஆரம்பித்தார்.

“கரன்ட்டைக் கட் பண்ணவா வந்திருக்கீங்க? உள்ள ஒன்பது பச்சப்புள்ளைங்க கண்ணாடிப் பெட்டியில இருக்கு. வாங்க, வந்து அதுங்க மூஞ்சியப் பாத்துட்டு அப்புறம் கட் பண்ணுங்க.”

அமீனா நின்றவாக்கிலேயே எழுதிவிட்டார்: ‘பொதுப் பயன்பாட்டில் உள்ளது.’

பம்புக்காரர் நேராக நிறுவனத்துக்குத் திரும்பிப் போய் மேலாளரின் அறைக்குள் நுழைந்தார்.

“பத்து வருஷமா ஒரு பல்பு மாத்தத் துப்பில்லாத ஆபீஸ் சார் இது. பதினாலு நாள்ல எப்படி ஓட்டினீங்க?”

மேலாளர் கொஞ்சமும் கோபப்படவில்லை. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “எல்லாம் உங்க தயவு. என்ன பழுதுன்னே எங்களுக்குத் தெரியாம இருந்தது. நீங்க அளவு முதற்கொண்டு எழுதி அனுப்பிட்டீங்க. அந்தப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு வேலை பார்க்க வெளியிலேர்ந்து ஒரு நிபுணரைப் போட்டிருக்கோம். உட்காருங்க. அடுத்தது எதுக்கு மனு போடறீங்க?”

மூன்றாவது மனுவில் பம்புக்காரர் உஷாரானார். ‘நிலை: மோசம்’ என்று இரண்டே சொல்லில் முடித்தார். விவரம் போதாது என்று கோர்ட் திருப்பி அனுப்பியது. வேறு வழியில்லாமல் மறுபடி விவரமாக எழுதினார். ஆனால் இந்த முறை, யாருக்கும் எந்தக் காலத்திலும் பயன்பட முடியாத ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார்கள். அது ஒரு ரோடு ரோலர். புதருக்குள் கிடந்தது. டிரைவர் இருக்கையின் நடுவே ஒரு மரம் முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

“மரத்து மேல உக்காந்து எவன் ஓட்டுவான் பார்க்கறேன்” என்று வக்கீல் தொடையில் தட்டினார்.

குறித்த நாள் காலை. பம்புக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடி ஆடியது. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. வீடே இருமியது. பாதி முகத்தில் சோப்போடு வாசலுக்கு ஓடினார்.

அவருடைய தெருவை, அவருடைய ரோலர், அவருடைய வாசலிலேயே சமன்படுத்திக்கொண்டிருந்தது.

இருக்கையில் முளைத்த மரத்தை வேரோடு பெயர்த்துத் தெருமுனையில் நட்டு, சுற்றிலும் வேலி கட்டியிருந்தார்கள். ஜப்திக்கு வந்த அமீனா அதனடியில்தான் உட்கார்ந்திருந்தார். பம்புக்காரர் அவரைப் பார்த்து, “மரத்தையாவது ஜப்தி பண்ண முடியுமா?” என்றார்.

“எனக்கே நிழல் குடுக்குது சார்” என்றார் அமீனா. “எழுதிட்டேன்.”

அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. பம்புக்காரர் திறந்தார். தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். முன்னால் நின்ற தையல்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“அண்ணே, பன்னண்டு வருஷமா ரோட்டுக்கு மனு கொடுத்து ஓய்ஞ்சுட்டோம். நீங்க ஒரே மனுவுல சாதிச்சுட்டீங்க.”

“நான் ரோட்டுக்கு மனு போடலய்யா. ரோலரைப் பிடுங்க மனு போட்டேன்.”

“ஏதோ ஒண்ணு. அந்த ஆபீஸ்ல ஒரு தண்ணி லாரி துருப்பிடிச்சுக் கெடக்காம். அதையும் ஒரு ஜப்தி பண்ணி விட்டீங்கன்னா எங்க பக்கம் தண்ணி வந்துடும்.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். “அப்படியே குப்பை வண்டியும்ணே!”

“எங்க ஊட்டுக்காரரைக்கூட ஜப்தி பண்ணுங்க, பத்து வருஷமாச் சும்மாதான் கெடக்காரு” என்றாள் இன்னொருத்தி. தெருவே சிரித்தது. பம்புக்காரருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விஷயத்தைக் கேட்டு வக்கீல் சிரித்தார். “நீங்க தேர்தல்ல நிக்கலாம் சார். ஆனா நாலாவது மனுவை விட்டுடாதீங்க. கிரேன் ஒண்ணு இருக்கு.” பழக்கம் விடவில்லை. பம்புக்காரர் கிரேனுக்கும் மனு போட்டார். இரண்டு வாரத்தில் அது ஆற்றுப் பாலத்தின் உடைந்த கைப்பிடிச் சுவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரியும் குப்பை வண்டியும் அதே வழியில் போயின. தெருவில் போனால் முன்பின் தெரியாதவர்கள் வணக்கம் சொன்னார்கள். பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து கை காட்டினார்கள். மகராசன், எல்லாருக்கும் எல்லாம் செய்கிறார் என்றார்கள். ஒருத்தனுக்குச் செய்ய வேண்டியதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை.

ஒருநாள் மதியம் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என்னங்க, அவன் வந்து நம்ம வீட்டுல சாப்பிட்டு மூணு வருஷமாச்சு.”

பம்புக்காரர் தலையைத் தூக்கவில்லை. “எப்படி இருக்கான்?”

“இருக்கான். ஏதோ ஒரு ஷெட்டுல வேலையாம். எதுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான்.”

“என்னைப் பத்திக் கேட்டானா?”

“கேக்காம? ‘அத்தான் வழக்கை விட்டுடலையே’ன்னு மட்டும் ஒவ்வொரு தடவையும் கேப்பான்.”

பம்புக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். பழித்துத்தான் கேட்டிருக்கிறான் என்று நினைத்தார். நியாயந்தானே? அன்றைக்கே அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் பட்டறை இருந்திருக்கும். பட்டறை இருந்தால் அவன் இருந்திருப்பான். எவனுடைய ஷெட்டிலோ, எவனுக்கோ ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான் இப்போது. தான் சொன்ன சொல்லைத் தானே அவனுக்குப் பலிக்க வைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

கையைக் கழுவிவிட்டு வந்து மேஜைமுன் உட்கார்ந்தார். தேதி போட்டார். பொருள் போட்டார். ‘தாங்கள் முன்னர் கூறிய மூன்றில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு, நடுவர் தீர்ப்பின்படியான உரிமைகள் அனைத்தையும் கைவிடச் சம்மதிக்கிறேன்.’ ஐந்து வரிதான். எழுதி முடித்தபோது மூன்று வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. பாதி என்ன பாதி, வருவது முழுவதையும் அவனிடமே கொடுத்துவிடலாம். ‘நீ சொன்னதுதான்டா சரி’ என்று சொல்லிவிடலாம்.

மறுநாள் மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேயறைந்தவர்போல் ஆனார்.

“எதுக்கு சார் இந்த அவசரம்?”

“ஆறு வருஷத்துக்கப்புறமா அவசரம்?”

“இல்ல, உங்க பக்கம் நியாயம் இருக்கு. நீங்க விடக்கூடாது. போராடணும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இந்த வருஷ அறிக்கையில ஆறு சேவை காட்டியிருக்கோம். மந்திரியே பாராட்டிக் கடிதம் போட்டிருக்காரு. அடுத்த வருஷம் நீங்க இன்னும் நாலு மனு போடுவீங்கன்னு நம்பித் திட்டமெல்லாம் எழுதி அனுப்பியாச்சு. படகு ஒண்ணு இருக்கு சார், கவுந்து கிடக்கு. அதை மட்டுமாவது...”

“கையெழுத்துப் போடறீங்களா, மாட்டீங்களா?”

சமரசம் வேண்டும் என்று முதலில் கேட்டது அரசுத் தரப்புதான். கோப்பில் அது இருந்தது. மறுக்க வழியில்லை. மேலாளர் துறைக்குப் போன் போட்டார், வைத்தார், மறுபடி போட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் கையெழுத்தாகிவிட்டது. பம்புக்காரர் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார். வழக்கு முடிந்தது. காசோலை சட்டைப்பைக்குள் போயிற்று.

வாசலுக்கு வந்தபோது அவருக்கு உலகமே கழுவிவிட்டதுபோல் இருந்தது. வாட்ச்மேனைப் பார்த்துத் தானாகவே சிரித்தார்.

“போய்ட்டு வர்றேன்யா. இனிமே தொந்தரவு கிடையாது. கேஸை முடிச்சுட்டேன்.”

வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். “முடிச்சுட்டீங்களா? சும்மா சொல்லாதீங்க சார்.”

“நிஜமாத்தான். சமரசம்.”

“அடப் பாவமே. அப்ப அந்த ரிப்பேர் ஷெட்டையும் இன்னையோட மூடிடுவாங்களே. கேஸ் இருக்கறவரைக்கும்தானே அந்த வேலை.”

“மூடட்டுமே. அந்த நிபுணருக்கு வேற இடத்துல வேலை கிடைக்காதா என்ன? நல்ல கைக்காரர் போலிருக்கு.”

“நல்ல கையா? நீங்க எழுதின பட்டியலைப் படிச்சுப் படிச்சு அவரே சிரிச்சுக்குவாரு சார். ‘ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டுந்தான் மனுஷன் எழுதல’ம்பாரு.”

பம்புக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. “யாருய்யா அவரு?”

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? ‘எங்க அத்தான் உயிரே போனாலும் சமரசத்துக்கு ஒத்துக்க மாட்டாரு, அதுக்கு நான் பொறுப்பு’ன்னு எழுதிக் கொடுத்துத்தானே உங்க மைத்துனர் இந்த வேலையிலயே சேர்ந்தாரு!”